சப்பரத்தின் அகலம்

மூங்கிலை மார்புக்கு நேராகக் குறுக்கே பிடித்துக்கொண்டு சவுரியம்மாள் தெருவின் நடுவில் நடந்தாள். வலது நுனி முருங்கைக் கிளையில் பட்டது. நின்றாள். யாரோ ஏறிக் கிளையை வெட்டித் தள்ளினார்கள். மறுபடி நடந்தாள். ஒரு வேலி, ஒரு கோழிக்கூடு, சாய்ந்திருந்த ஒரு சுவரின் மூலை என்று மூங்கில் இடித்த இடமெல்லாம் ஒதுங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் இடித்தது அவள் வீட்டுக் கூரையின் இறவாணத்தில்தான். ஒரு முழம் ஓலையை வெட்டினால்தான் மூங்கில் போகும். தயங்காமல் அரிவாளை எடுத்து அவளே வெட்டினாள்.

கார்த்திகை மழைக் காலம். அடுத்த வீட்டு அம்சவள்ளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏண்டி, சவேரியாரு வர்றதுக்குள்ள மழை வந்துட்டா உன் புருஷன எங்கடி போடுவ, அடுப்பு மேலயா?"

"அவரு ஒரு தபா இந்தப் பக்கம் வந்துட்டுப் போவட்டும். இந்தாளு நனைஞ்சா நனைஞ்சுட்டுப் போறாரு" என்றாள் சவுரியம்மாள். உள்ளே கட்டிலில் கிடந்த சவுரிராயன் அதைக் கேட்டுச் சிரித்தான்.

அந்த மூங்கில் சப்பரத்தின் அகலம். கோயில் கொட்டகையில் நின்ற சப்பரத்தைக் கயிறு வைத்து அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தவன் சவுரியம்மாளின் தம்பி இருதயராஜ். அந்த அளவுக்கு மூங்கிலை நறுக்கிச் சீவிக் கொடுத்தவன் சவுரிராயன். கோயில் நாட்டாண்மை சின்னதுரையின் கிணற்றைத் தூர் வாரும்போது மண் சரிந்து இடுப்பு ஒடிந்தவன் அவன். அதற்குப் பிறகு கோயில் மணியைக் காதால் கேட்டதோடு சரி. தன் பெயருக்குரிய புனிதரான சவேரியாரை ஒருமுறை வாசலில் படுத்தபடியாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. சவுரியம்மாளுக்கும் வேறு ஆசை இல்லை.

நெடும்பட்டில் இது லேசான ஆசை அல்ல. திண்டிவனத்துக்குக் கிழக்கே இருந்த அந்தக் கிராமத்தில் ஊர்த் தெருக்காரர்களும் கிறிஸ்துவ வேதக்காரர்கள், சேரிக்காரர்களும் வேதக்காரர்கள். ஆனால் கோயிலுக்கு வாசல் இரண்டு. பெரிய வாசல் ஊருக்கு, பக்க வாசல் சேரிக்கு. திருவிழாச் சப்பரம் ஊர்த் தெருவைச் சுற்றிவிட்டுப் புளியமரத்தடியில் திரும்பிவிடும். சேரித் தெரு அந்த மரத்துக்கு அந்தண்டை. சப்பரம் ஏன் வரக்கூடாது என்று கேட்டபோதெல்லாம் பங்குச்சாமியார் அருளப்பர் சொன்ன பதில் ஒன்றுதான்: வழி குறுகல், சப்பரம் நுழையாது. இத்தனைக்கும் ஊர்த் தெருவில் சின்னதுரை வீட்டு மதிலருகே சப்பரத்தை ஒருபுறம் சாய்த்துத்தான் கொண்டுபோவார்கள். அப்படிச் சாய்ப்பதைப் பெரிய வித்தையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அருளப்பர் சாமி பிரான்சு தேசத்துக்காரர். தாடி கறுப்பாக இருந்த காலத்தில் வந்து, நெடும்பட்டிலேயே நரைத்தவர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. காலரா வந்தபோது ஊரென்றும் சேரியென்றும் பாராமல் மருந்து கொடுத்தவர். ஆனாலும் சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை எண்ணெய் பூசுவதற்கு மட்டுமே சேரித் தெருவுக்குள் வருவார். உயிரோடு நன்றாக இருப்பவர்கள்தான் அவரிடம் போக வேண்டும். அவருக்கு மூன்று வேளையும் சமைத்துப் போடுகிறவனோ சேரிக்காரனான இருதயராஜ். புதுச்சேரியில் ஒரு பட்டாளத்துத் துரை வீட்டில் சமையலும் பிரெஞ்சும் கற்றுக்கொண்டவன். அவன் சமைத்த கோழி இறங்குகிற தொண்டை குறுகலாக இல்லை. அவன் தெரு மட்டும் குறுகலாக இருந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் சாமியாருடைய ஊர்க்காரர்கள் இருவர் அவரைப் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. கப்பலில் ரொட்டி சுடும் கிளெமான் என்பவரும் அவர் மனைவி மார்த்தும். கிளெமான் சாமியாரோடு ஒன்றாக வளர்ந்தவர். கப்பல் புதுச்சேரியில் நிற்கும் நாட்களில் சவேரியார் திருவிழாவும் வந்தது. சேதி கேட்ட அன்று சாமியார் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். முகம் அப்படிப் பூரித்திருந்தது. "இருதயம், இந்த வருஷம் சப்பரம் உங்கள் தெருவுக்கும் வரும். என் சிநேகிதர்கள் பார்க்கட்டும். வழியை மட்டும் அகலப்படுத்தி வையுங்கள்" என்றார்.

அதற்குத்தான் அந்த மூங்கில்.

இருதயராஜ் விழுப்புரம் ஜங்ஷன் வரை போய் விருந்தாளிகளை அழைத்து வந்தான். கிளெமான் உலைச் சூட்டில் சிவந்த கைகளோடு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டார். மார்த் அம்மாள் பருத்த உடம்புக்காரி. மல்லாட்டை என்று விற்ற வேர்க்கடலையை வாங்கித் தோலோடு கடித்துவிட்டு, வண்டி முழுக்கச் சிரிக்கும்படி தன்னையே கேலி செய்துகொண்டாள். திருவிழாவுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் பழைய கதைகள் கிளம்பின. அவர்கள் ஊர்க் கோயிலில் பண்ணையார் வீட்டாருக்கென்று கதவு வைத்த பெஞ்சு உண்டாம். அந்தப் பண்ணையில் கூலி வேலை செய்த சாமியாரின் தாய் கடைசித் தூணோரம் நின்றுதான் பூசை காண்பாளாம். ஒருநாள் சிறுவன் ழான் அந்தப் பெஞ்சுக் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, கோயிற்காரன் காதைப் பிடித்து இழுத்தும் எழுந்திருக்க மாட்டேன் என்றானாம். இங்கே அருளப்பர் என்று தமிழாகிவிட்ட சாமியாரின் பிறந்த ஊர்ப் பெயர்தான் ழான். கிளெமான் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சாமியார் சிரிக்கவில்லை. தட்டை எடுக்க வந்த இருதயராஜை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் மத்தியானம் சின்னதுரை நாலு பேரோடு வந்தார். சமையலறையில் கோழி உரித்துக்கொண்டிருந்த இருதயராஜின் காதில் எல்லாம் விழுந்தது.

"சாமி, தூக்கறது எங்க தோளு. புளியமரத்துக்கு அந்தாண்ட ஒரு அடி வெக்கச் சொன்னாலும் அங்கயே எறக்கி வெச்சுட்டுப் போயிக்கினே இருப்போம். உங்க விருந்தாளிங்க முன்னாடி பேஜாராப் பூடும், பாத்துக்குங்க."

சாமியார் ஒரு பதிலும் சொல்லவில்லை. சொல்லாததைச் சின்னதுரைக்கு மறுப்பு என்று இருதயராஜ் எடுத்துக்கொண்டான். தன் சொந்த ஊரிலேயே கதவு வைத்த பெஞ்சில் ஏறி உட்கார்ந்தவர் இதற்கா பயப்படப் போகிறார் என்று எண்ணினான்.

சூரியன் இறங்கும் நேரத்தில் சப்பரம் கிளம்பியது. விருந்தாளிகளுக்கு மரியாதையாக அவர்களை எல்லோருக்கும் முன்னால் மெழுகுவத்தியோடு நடக்கவிட்டார்கள். சேரிக்காரர்கள் இந்த முறை பின்னால் போகவில்லை. தெருவில் செம்மண் பரப்பி, தென்னங்குருத்துத் தோரணம் கட்டி, இருபுறமும் அகல் ஏற்றி வைத்துக் காத்திருந்தார்கள். சவுரிராயனுக்கு வெள்ளை வேட்டி கட்டி, கட்டிலை வாசலுக்கு இழுத்து, முதுகுக்கு வைக்கோல் மூட்டை கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தாள் சவுரியம்மாள்.

புளியமரத்தடியில் சப்பரம் வழக்கம்போலத் திரும்பியது. திரும்பும் என்று முன்னால் போன இருவருக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் வெறும் தெரு. எதிரே விளக்கும் தோரணமும். புதிதாக வந்தவர்கள் எந்தப் பக்கம் போவார்கள்? நேரே நடந்தார்கள்.

பெண்கள் பாட்டெடுத்தார்கள். சவுரியம்மாள் வெள்ளைக்காரர்களின் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பின்னால் இருட்டத் தொடங்கிய வழி மட்டும் இருந்தது. பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது. மார்த் அம்மாளும் திரும்பிப் பார்த்தாள். வழி தவறிவிட்டோம் என்று நினைத்து முதலில் சிரித்தாள். பிறகு கூப்பிய கையோடு உட்கார்ந்திருந்த சவுரிராயனைப் பார்த்தாள். செம்மண்ணைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி சாமியார் வேகமாக வந்தார். பின்னால் லாந்தரோடு இருதயராஜ். அவஸ்தை பூசும் எண்ணெய் இல்லாமல் அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மார்த் அம்மாள் அவரிடம் ஏதோ கேட்டாள். அவர் கீழே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இன்னாடா சொல்றாரு?" என்றாள் சவுரியம்மாள்.

இருதயராஜ் லாந்தரின் திரியைத் திருகினான்.

"உன்னத்தான்டா கேக்கறேன்."

"வழி குறுகலாம்க்கா. சப்பரம் நுழையாதாம்."

அவள் கத்தவில்லை. வெட்டுப்பட்ட இறவாணத்தில் செருகியிருந்த மூங்கிலை உருவினாள். "சாமி, இது உங்க சப்பரத்தோட அகலம். இந்தத் தெருவுல எங்க இடிக்குதுன்னு நீங்களே புடிச்சுப் பாருங்க."

"சவுரியம்மா, ஊர்க்காரர்கள் சம்மதிக்கவில்லை. கொஞ்சம் பொறுமையாக..."

"பொறுமைய என் கூரைய வெட்டறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும் சாமி."

இருதயராஜ் லாந்தரைக் கீழே வைத்தான். மார்த் அம்மாள் பக்கம் திரும்பி, துரை வீட்டில் பேசிப் பழகிய மெதுவான குரலில், பிரெஞ்சில் சொன்னான். வழி குறுகல் இல்லை அம்மா. எங்கள் கோயிலிலும் கதவு வைத்த பெஞ்சு இருக்கிறது. எங்கள் சாமியார்தான் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்.

கிளெமான் தன் பாலிய சிநேகிதரைப் பார்த்தார். "ழான்?" என்றார். அவ்வளவுதான். சாமியாரின் கை தாடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றது.

சவுரியம்மாள் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தாள். மூங்கிலை மார்புக்கு நேராகக் குறுக்கே பிடித்து, செம்மண்ணின் நடுவே நடந்தாள். எதிலும் இடிக்கவில்லை. புளியமரத்தைத் தாண்டினாள். மார்த் அம்மாள் அவள் பின்னால் மெழுகுவத்தியோடு கிளம்பினாள். கட்டிலில் இருந்த சவுரிராயன், குறுக்கே நீண்ட மூங்கிலும் அதன் பின்னால் ஒரு சுடரும் போவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்த் தெருவில் மேளம் நின்றது. புளியமரத்தடியில் திரும்பிய சப்பரம் மறுபக்கமாகச் சுற்றி வந்து, எதிரே, சின்னதுரை வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம், சாய்ப்பதற்குத் தயாராகத் தோள்களின் மேல் இருந்தது. சவுரியம்மாள் நேராக வந்தாள். மூங்கிலின் ஒரு நுனி எதிர்வீட்டுத் தூணிலும் மறு நுனி சின்னதுரையின் மதிலிலும் இடித்து, மதிலிலிருந்து ஒரு துண்டுச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது.

அவள் மூங்கிலைச் சாய்க்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.