சிவப்பு மூன்று

மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம் என்று அந்தச் சிவப்பு எண் இறங்குகிறது, ரத்தினம் மாஸ்டரின் இடதுகைப் பெருவிரல் கீபோர்டின் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தானை மூன்று தரம் அமுக்குகிறது, வலது கையில் மைக், அந்த மைக்கில் அவர் சபையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்கிறார், தங்கச்சிக்கு இன்னைக்குத் தொண்டை செரியில்லீங்க, கொஞ்சம் மன்னிச்சுக்கோங்க, சபையும் சிரிக்கிறது, பின்வரிசையில் எவனோ விசிலடிக்கிறான், வசந்தாமணி மேடையில் நின்றபடி அந்தப் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அன்றைக்குப் பார்த்தவள் இருபத்துமூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள், சோறு வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த விரல் வந்து அமுக்கிவிட்டுப் போகும்.

அந்தப் பொத்தானைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் கோபம் யாருக்கும் விளங்காது, பாடுகிறவரின் குரலுக்குத் தக்கபடி மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்குகிற பொத்தான் அது, வாசிக்கிறவரின் விரல் பழகின கட்டைகளிலேயே ஓடும், சுருதி மட்டும் மேலே போய்விடும், முந்தின பாட்டைப் பாடிய சுந்தரத்துக்கு உச்சஸ்தாயிதான் எடுப்பு என்று மாஸ்டர் மூன்று ஏற்றி வைத்திருந்தார், அடுத்தது வசந்தாமணி, சுந்தரத்தின் பாட்டு முடிந்ததும் பழையபடி பூச்சியத்துக்கு இறக்க வேண்டும், மறந்துவிட்டார். மறக்கட்டும், அதற்காக அவள் ஒரு நாளும் அவரை வைததில்லை, கல்யாண வீட்டில் தாலியையே மறந்துவிட்டு வருகிறார்கள். கிடார்காரன் வந்திருந்தால் அந்த நிமிஷமே சுருதி பேதம் காட்டிக்கொடுத்திருக்கும், அவனுக்கு அன்று மச்சினன் கல்யாணம், கீபோர்டும் தபேலாவும் மட்டும்தான், மில் மன்றத்துத் தகரக் கூரை, கேரம் போர்டுகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போட்ட இருநூறு நாற்காலி, மின்விசிறி ஐந்தில் மூன்றுதான் சுற்றுகிறது, முதல் நாலு கட்டை காதில் விழுந்ததுமே, ஐயோ இது என் சுருதி இல்லையே என்று திரும்பிப் பார்க்கிறாள், சிவப்பில் மூன்று எரிகிறது, மாஸ்டர் கண்ணை மூடி லயித்து வாசித்துக்கொண்டிருக்கிறார், நிறுத்துங்க என்று சொல்ல வேண்டியதுதானே என்று இப்போது கேட்பது சுலபம், இரண்டாவது வரிசையில் துரைசாமி உட்கார்ந்திருந்தான்.

துரைசாமி அவள் புருஷன், கல்யாணமாகி எட்டு மாசம், நீ பாடறதை ஒருக்கா நானே வந்து கேக்கறேன், கேட்டு நல்லாயிருந்தா நீ பாட்டுக்குப் பாடு, இல்லீனா இந்த மேடையேறற சோலியெல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தான், அதற்குத்தான் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான், அவன் முன்னால் எப்படி நிறுத்துவாள், பாட்டை எடுத்துவிட்டாள், பல்லவி எப்படியோ தப்பித்தது, சரணத்தில் மூன்றாவது அடி மேலே ஏறுகிற இடம், வீட்டில் குழாயடியில் குடம் தூக்கிக்கொண்டே பாடுகிற இடம்தான், அங்கே போய்க் குரல் இரண்டாகக் கிழிந்தது, கிழிந்த சத்தம் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி அவள் காதிலேயே விழுந்தது. அப்புறம்தான் அந்தப் பெருவிரல். அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததனால்தானே இறக்கினார், இறக்கிக்கொண்டேதானே சொன்னார், தொண்டை செரியில்லீங்க என்று, ஒரு கை தப்பைத் திருத்துகிறது, இன்னொரு கை அதையே அவள் கழுத்தில் கட்டுகிறது, ஒரே ஆளின் இரண்டு கை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வரும்போது சொல்லிப்பார்த்தாள், மாமா, தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அவரு பொத்தானை மாத்த மறந்துட்டாரு, துரைசாமி திரும்பாமலே சொன்னான், பொத்தான் மேல பளி போடாத வசந்தா, மாஸ்டரே சொல்லிட்டாரில்ல, போதும், அவ்வளவுதான், அந்தப் போதும் என்ற ஒரு வார்த்தையில் பாட்டு முடிந்தது. ஊரே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தது, மிளகைக் கடித்து முழுங்கு, பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கு, சித்தரத்தை, ஆடாதொடை, நூல் சுற்றுகிற டிபார்ட்மெண்டில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்திலெல்லாம் ஒருத்தி கேட்பாள், ஏங்கண்ணு தொண்டை இப்பத் தேவலையா, அவளுக்குச் சிரிப்பு வரும், அழுகை வரும், கடைசியில் கோபம்தான் வந்து நிற்கும், தொண்டைக்கு ஒன்றுமே இல்லை என்று மெஷின் சத்தத்துக்கு மேல் கத்துவாள், கத்துகிற சத்தம் சரியாக அந்த மூன்றாவது அடியின் உச்சியில் போய் நிற்கும், யாரும் கவனிப்பதில்லை. மாஸ்டர் வீட்டுக்கே ஒரு நாள் போனாள், வாசலில் நின்று கேட்டாள், நீங்களே எங்க ஊட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங் மாஸ்டர், அவர் டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார், உடு கண்ணு, கச்சேரின்னா எல்லாம் நடக்கறதுதான், காபி குடிக்கறயா. குடிக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ராத்திரி, தெர்மாமீட்டரில் நூற்று மூன்று, அவளுக்கு அந்த மூன்று மட்டும் சிவப்பாகத் தெரிகிறது, ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு இறக்கு இறக்கு என்று முணுமுணுக்கிறாள், கனவா விழிப்பா, மேடையா கட்டிலா, யாரோ இருட்டில் விசிலடிக்கிறார்கள்.

இப்போது மில் மூடியாகிவிட்டது, மன்றம் மட்டும் சீமந்தத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு நிற்கிறது, ரத்தினம் மாஸ்டருக்கு எழுபது வயசு, பழைய குழுவெல்லாம் சேர்ந்து பாராட்டு விழா, நீயும் ஒரு பாட்டுப் பாடோணும் என்று சுந்தரம் வீட்டுக்கே வந்து கூப்பிட்டான், போய்ட்டுத்தான் வாயேன், நானும் வரேன் என்றான் துரைசாமி, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்ன தாராளம், அவள் புடவையை எடுத்து வைத்தாள். அதே தகரம், அதே மேடை, துரைசாமி வழுக்கைத் தலையோடு அதே இரண்டாவது வரிசை, பொன்னாடைக்குள் மாஸ்டர் சின்னதாகிப்போய் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், நம்ம வசந்தாமணி அக்கா அந்தக் காலத்துப் பாட்டு ஒண்ணு என்று சுந்தரம் மைக்கை நீட்டுகிறான், அவள் மைக்குக்குப் போகவில்லை, கீபோர்டுக்குப் போனாள், சிவப்பில் பூச்சியம் எரிகிறது, ஏற்றுகிற பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள், ஒன்று, இரண்டு, மூன்று.

மாஸ்டர், நீங்க பாடுங், எம் பாட்டையே பாடுங், இன்னைக்கு நாங் கேக்கறேன் என்றாள், சபைக்கு ஒரே கொண்டாட்டம், கைதட்டல், மாஸ்டர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே காய்ந்தது, இருநூறு பேர் தட்டும்போது எப்படி மாட்டேன் என்பார், வாசித்துக்கொண்டே எடுத்தார், பல்லவியிலேயே மூச்சு வாங்கியது, சரணம், மூன்றாவது அடி, அதே இடம், அதே கிழிசல். வசந்தாமணி சிரிப்புக்குக் காத்திருந்தாள், விசிலுக்குக் காத்திருந்தாள், சபை எழுந்து நின்று கைதட்டியது, எழுபது வயசுல பாருய்யா என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது, அவளுக்கு உடைந்தால் கேலி, இவருக்கு உடைந்தால் கண்ணீரா, மாஸ்டர் செருமிக்கொண்டு மைக்கில் குனிந்தார், பழைய சிரிப்பு திரும்ப வந்துவிட்டது, வயசாச்சுங்க, தொண்டை செரியில்லீங்க.

தொண்டை இல்லீங்க, பொத்தான் என்றாள் வசந்தாமணி, அவர் முன்னாலிருந்த மைக்கிலேயே சொன்னாள், நாந்தான் மூணு ஏத்தி வெச்சேன், அன்னைக்கு நீங்க ஏத்தி வெச்சு மறந்தீங்க, ஆமாவா இல்லையா மாஸ்டர். துரைசாமி நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டான், மாஸ்டர் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார், ஆமா கண்ணு. மைக்குல சொல்லுங் என்றாள். அவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார், எங்கேயோ பார்த்தார், அப்புறம் மைக்கைத் தன் பக்கம் இழுத்துச் சொன்னார், ஆமாங்க, பொத்தானுதான், புள்ள தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு. சொல்லிவிட்டுப் பழக்கத்தில் இடதுகைப் பெருவிரலை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோனார், கையை எடுங் மாஸ்டர் என்று விலக்கிவிட்டு அவளே அமுக்கினாள், மூன்று, இரண்டு, ஒன்று, பூச்சியம், மைக்கை எடுத்துக்கொண்டு நடு மேடைக்கு வந்து நின்றாள், யாரையும் பார்க்கவில்லை, தொண்டையைச் செருமாமலே பல்லவியை எடுத்தாள்.