நல்ல நேரத்தில் திறந்த தடுப்பு

மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது மாப்பிள்ளை இல்லை, மீன். சாமி படத்துக்குக்கூட இல்லாத வெளிச்சம் அதன் கண்ணாடித் தொட்டிக்கு. ஃப்ளவர்ஹார்ன் என்கிற ஜாதி. செக்கச்செவேலென்று உடம்பு, யாரோ ஓங்கி அடித்து வீங்கவைத்த மாதிரி நெற்றியில் ஒரு பெரிய புடைப்பு. ஊதுபத்தி வாசனையையும் மீறித் தொட்டி நாறியது. இதையா கூடத்தில் வைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு பார்க்கப் பெண்ணும் கூடப் போகும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நான்தான் அடம்பிடித்து வந்தேன். முப்பத்தொரு வயதில் அடம்பிடிக்காமல் பிறகு எப்போது பிடிப்பது? அப்பா சுடலை, அவர் தங்கை ஒச்சம்மாள் அத்தை, நான், மூவரும் திருவாதவூரிலிருந்து பஸ் ஏறிக் காளவாசல் வந்திருந்தோம். வீடு பிடித்தால் அன்றைக்கே தட்டு மாற்றி நிச்சயம் செய்துகொள்வதாகப் பேச்சு. அப்பா பழம், வெற்றிலையெல்லாம் பையிலேயே கொண்டுவந்திருந்தார். உள்ளதைச் சொன்னால் எனக்கும் மாப்பிள்ளை அருண்பாண்டியைப் பிடித்துத்தான் இருந்தது. போனில் நிதானமாகப் பேசுவார். தாலுகா ஆபீஸ் வேலையை விட வேண்டாம் என்று அவராகவே சொன்னார்.

"இவன்தான் மாமா எங்க ராசா" என்று அப்பாவுக்கு மீனைக் காட்டினார். டப்பாவிலிருந்து நெளியும் புழு ஒன்றை இரண்டு விரலால் எடுத்துத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். மீன் எம்பிக் கவ்வியது. விரலை வேட்டியில் துடைத்துவிட்டு, அதே கையால் கேசரித் தட்டை என்னிடம் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தொடவில்லை.

"நெத்தி பெருக்கப் பெருக்க வீட்டுக்கு யோகம்ண்ணே" என்றார் அவருடைய அம்மா முருகம்மாள். தொட்டியின் ஓரத்தில் பிளாஸ்டிக் தடுப்புக்குப் பின்னால் வெளிறிப்போன சின்ன மீன் ஒன்று நின்றது. "அது பொட்டை. இவனுக்கும் ஜோடி சேக்கணும்ல? தட்டு மாத்துற நல்ல நேரத்துலயே தடுப்பையும் எடுத்துருவோம். ரெண்டும் ஒண்ணாக் கூடி வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அந்த மீனுக்கும் ஒரே முகூர்த்தமாம்!

நல்ல நேரம் பிறந்ததும், தட்டு மாற்றும் முன்பே, அருண்பாண்டி தடுப்பை உருவினார். பெரியது ஒரே பாய்ச்சலில் போய்ச் சின்னதின் விலாவைக் கடித்தது. செதில்கள் பிய்ந்து மிதந்தன. சின்னது மூலைக்கு ஓடியது, அங்கேயும் விடவில்லை. மறுபடி கடி. மறுபடி.

"ஏங்க, தடுப்பைப் போடுங்க" என்றேன்.

அவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "மொதல்ல இப்படித்தான் இருக்கும். பழகிரும்."

"இதுக்கு முன்னாடி விட்டது பழகிச்சா?"

"அதுக எங்க தாங்குச்சு? கடைல சொன்னா வேற தருவாங்க." கொஞ்சமும் வருத்தமில்லை. போனில் கேட்ட அதே நிதானமான குரல்.

"பொம்பளைதானம்மா அனுசரிச்சுப் போகணும்" என்றார் முருகம்மாள். "பேசாம மூலைல கெடந்தா அது ஏன் கடிக்கப் போகுது?"

அத்தை ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

கேசரியைக் கீழே வைத்துவிட்டு, வளையலோடு கையைத் தொட்டிக்குள் விட்டேன். வழுவழுப்பும் புழு மிச்சமும் விரலில் ஒட்டின. பெரியது என் மணிக்கட்டைக் கடித்தது. சின்னதை எப்படியோ பிடித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்பில் போட்டேன். அதற்கு ஒரு கண் இல்லை.

"ஐயையோ, ராசாவுக்கு அடிபட்டிருக்கும்!" அருண்பாண்டி அன்றைக்கு முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். என் கையில் ரத்தம் வந்ததை அவர் பார்க்கவில்லை.

அப்பா பார்த்தார்.

"கெளம்புவோம்ப்பா" என்றேன். அப்பா பையைப் பிரிக்காமலே எழுந்தார். "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று மட்டும் சொன்னார்.

பஸ் நிறுத்தத்தில் அத்தை பிடித்துக்கொண்டாள். "ஒரு மீனுக்காகவாடி இம்புட்டும்? அவங்க சொம்பை வேற தூக்கிட்டு வந்திருக்க. ஊரெல்லாம் சொல்லியாச்சு, இனி எவன் வருவான்? அண்ணே, நீங்களாச்சும் போய்ச் சமாதானம் சொல்லுங்க."

அப்பா என் கையிலிருந்து சொம்பை வாங்கினார். உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் சிந்தாமலிருக்கத் துண்டால் சொம்பின் வாயை மூடினார்.

"போகத்தான் போறேன். மீனை ஊர்ல விட்டுட்டு, நாளைக்குச் சொம்பைக் கொண்டாந்து குடுத்துட்டு, பொண்ணு தரலைன்னு சொல்லிட்டு வாரேன்."