சாணிக்குழியைச் சுற்றியிருந்த வேலி

ஸ்டிக்லண்ட் பண்ணையில் பாட்டுத் திருவிழா தொடங்கியதற்குக் காரணம் ஊர் மண்டபத்தின் கூரை. அது சரிந்து விழுந்த வருஷம், கோடைக் கச்சேரியை எங்கே நடத்துவது என்று ஊரே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. வில்ஃப் ஸ்டிக்லண்ட் சும்மா இருந்திருக்கலாம். மதுக்கடையில் இரண்டாவது கோப்பை உள்ளே போனதும், எங்கள் மேய்ச்சல் நிலத்தில் நடத்திக்கொள்ளுங்கள் என்று வாயை விட்டுவிட்டான்.

முதல் வருஷம் வந்தது சில நூறு பேர். வீட்டுக்குப் போக மனமில்லாமல் போர்வையைப் போர்த்திக்கொண்டு புல்லிலேயே படுத்துவிட்டார்கள். காலையில் வில்ஃபின் மனைவி தெல்மா, கறந்த சூட்டோடு பாலை வாளியில் கொண்டுபோய் எல்லோருக்கும் ஊற்றினாள். அந்தப் பால்தான் வினையே. அந்தப் பேச்சு பிரிஸ்டல் வரை போய், லண்டன் வரை போய், மறுவருஷம் கீழ்வயல் முழுக்கக் கூடாரம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஊரில் ஒரு துண்டு ரொட்டி மிச்சமில்லை. மூன்றாவது வருஷம் கும்பல் எவ்வளவு என்று எண்ணுவதையே எல்லோரும் கைவிட்டார்கள். டார்செட் மாவட்டத்தின் சந்துபொந்தெல்லாம் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. முடி வளர்த்த பையன்களும் வெறுங்கால் பெண்களும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறி வந்தபடியே இருந்தார்கள்.

அந்த வருஷம் ஏற்பாட்டைக் கையில் எடுத்திருந்தவன் லண்டன்காரன் பியர்ஸ். வெல்வெட் கால்சட்டையோடு மாட்டுத் தொழுவத்துக்குள் நடக்கிற ஆசாமி. டிக்கெட் இல்லாமல் ஒரு ஈ கூட நுழையக் கூடாது, பண்ணையைச் சுற்றி வேலி போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். வில்ஃப் வேலி போட்டான். மேற்குப் பக்கம் வரும்போது கம்பம் பற்றவில்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கேட்டும் கிடைக்கவில்லை. என்ன செய்தான் தெரியுமா? பால் கறக்கும் கொட்டகைக்குப் பின்னால், தொழுவத்துச் சாணியும் கழுவிய தண்ணீரும் போய்த் தேங்குகிற சாணிக்குழியைச் சுற்றி நட்டிருந்த கம்பங்களைப் பிடுங்கினான். முள்கம்பியையும் சுருட்டி எடுத்துப் போனான்.

தெல்மா கேட்காமல் இல்லை. குழியை இப்படித் திறந்து போடலாமா என்று கேட்டாள். அவன் சிரித்தான். குழி எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா, நம் மாட்டுக்கே தெரியுமே என்றான். மனிதனுக்குப் புத்தி அங்கேதான் நின்றுபோயிருந்தது. வந்திருப்பவர்களில் ஒருவருக்கும் தெரியாது என்பது அவன் மண்டையில் ஏறவேயில்லை. அவள் விடாமல் நச்சரித்ததால், நான்கு குச்சியை நட்டு ஒரு நீலக் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, போதுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

மழையே இல்லாத கோடை அது. மேய்ச்சல் நிலமெல்லாம் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. சாணிக்குழி மட்டும் மேலே காய்ந்து ஏடு கட்டி, அந்த ஏட்டின் மேல் புல் முளைத்துப் பச்சைப்பசேல் என்று இருந்தது. மேடு பள்ளம் கிடையாது. பண்ணையிலேயே கூடாரம் போட அதைவிட நல்ல இடம் இல்லை என்றுதான் பார்க்கிற எவனுக்கும் தோன்றும்.

சனிக்கிழமை சாயங்காலம், மாட்டைக் கறக்க ஓட்டிவந்து முற்றத்தில் அடைத்துவிட்டுத் தெல்மா நிமிர்ந்தபோது, மேற்கே பெரிய கூச்சல் கேட்டது. வேலி போய்விட்டது. காலையிலிருந்து வெளியே நின்று காய்ந்துகொண்டிருந்த கும்பல், ஆளோடு ஆள் சாய்ந்து அதைத் தள்ளிவிட்டது. சரிவில் இறங்கி ஓடிவருகிறார்கள். நேராகக் குழியைப் பார்த்து.

அவள் பார்வை முதலில் கயிற்றைத் தேடியது. குச்சிகள் மட்டும் நின்றன. கயிற்றைக் காணோம்.

கையில் இருந்த மாட்டுக்கோலோடு ஓடினாள். கனத்த சரீரம், ரப்பர் பூட்ஸ், மூச்சு வாங்கியது. குழியைச் சுற்றிக்கொண்டு, அவர்கள் இறங்கிவரும் மேற்குக் கரைக்குப் போய்ச் சேரும்போது முன்னால் வந்த சிலர் மூட்டையை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். போகாதே, வராதே என்று கத்தினாள். மேடையில் அதிர்ந்த முரசுச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியையும் யாரும் மதிக்கவில்லை. ஏன் மதிக்கவேண்டும்? அன்று காலைதான், வேலிக்குள் நுழைந்து குழிப்பக்கம் வரை வந்துவிட்ட அவர்களை வில்ஃபின் ஆட்கள் நாயை ஏவித் துரத்தியிருந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் கடி. பண்ணைக்காரி கத்தினால் அது துரத்துகிற கத்தல் என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

செந்தாடி வைத்த ஒருவன் எல்லோரையும் முந்திக்கொண்டு பச்சையில் கால் வைத்துவிட்டான். கக்கத்தில் கூடார மூட்டை. தோளில் ஒரு சின்னப் பெண் குழந்தை, மூன்று வயசு இருக்கும், அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அது தரை இல்ல!" என்று தெல்மா அலறினாள். "திரும்பி வா!"

அவன் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "ஆமாம்மா, உங்க தரையெல்லாம் தங்கம். நாங்க கால் வெச்சா தேஞ்சிடும்."

பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். இன்னும் நாலு அடி வை என்று யாரோ ஏற்றிவிட்டார்கள். அவனும் வைத்தான். அவள் ஒவ்வொரு தடவை கத்தும்போதும், அவளுக்காகவே ஒரு அடி எடுத்து வைத்தான். நடுவில் போய் நின்றுகொண்டு இரண்டு குதி குதித்தான். அவன் காலடியில் புல்தரை மெத்தை போல ஆடியது. அது அவனுக்குச் சுகமாகத்தான் இருந்திருக்கும். குழந்தை கைகொட்டிச் சிரித்து, இன்னொரு தடவை என்றது.

தெல்மாவுக்குப் பழையது ஒன்று நினைவுக்கு வந்தது. முன்னொரு வருஷம் ஒரு கிடாரி இந்தக் குழியில்தான் போனது. டிராக்டரைக் கொண்டுவருவதற்குள் மேலே ஒன்றுமே இல்லை. புல் விலகிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம், அவ்வளவுதான். ஒரு மாட்டைக் கறக்கிற நேரம்கூட ஆகவில்லை.

தன் கத்தல்தான் அவனை உள்ளே தள்ளுகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள். கரையோரம் குந்தி, கையில் இருந்த கோலைப் புல்லுக்குள் குத்தி அழுத்தினாள். அது தடையே இல்லாமல் இறங்கியது. பிடி வரைக்கும் இறங்கியது. உருவி மேலே தூக்கிக் காட்டினாள். முழுக் கோலும் கறுத்து, சொட்டிக்கொண்டு வந்தது. கூடவே நாற்றமும் வந்தது.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"தம்பி," என்றாள் தெல்மா. குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டாள். "நீ நிக்கறது பால் மேல கட்டற ஆடை மாதிரி. கீழ ரெண்டு ஆள் ஆழத்துக்குச் சாணித் தண்ணி. ஓடாத. அசையாத. உம் பேரு என்ன?"

"டென்னி." அவன் தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். "நடந்துதானம்மா வந்தேன். நடந்தே திரும்பிடறேனே."

"குதிச்சிட்டியேப்பா. இனிமே தாங்காது. குழந்தைய மெதுவா கீழ விடு. நீ அப்படியே நில்லு."

கரையில் நின்றவர்களிடம் திரும்பி, முற்றத்துக் கேட்டைக் கீலிலிருந்து கழற்றித் தூக்கிவரச் சொன்னாள். முகத்தில் பூ வரைந்திருந்த ஒரு பெண்தான் முதலில் ஓடினாள். அவள் பின்னாலேயே பத்துப்பேர். கேட்டைக் கழற்றினார்கள். கறக்காத மடியோடு கத்திக்கொண்டிருந்த மாடுகள் திறந்த வழியே வெளியேறி, கூடாரங்களுக்கு நடுவே புகுந்தன. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் உயிரே போயிருக்கும்.

கேட்டைப் புல்லின் மேல் படுக்கப் போட்டுத் தள்ளினார்கள். டென்னிக்கும் அதற்கும் நடுவில் ஓர் ஆள் நீளம் மிச்சம் இருந்தது. தெல்மா குப்புறப் படுத்து, ஊர்ந்து அதன் முனைக்குப் போனாள். கேட்டின் கம்பிகளுக்கு இடையே கறுப்பு மெல்லக் கசிந்து வந்தது.

குழந்தை அப்பனின் காலை விடவில்லை. அதன் பெயர் டான்சி என்று டென்னி சொன்னான்.

"டான்சி, பூனை எப்படிக் கண்ணு நடக்கும்? எனக்குக் காட்டேன், பாக்கலாம்."

குழந்தை யோசித்தது. அப்புறம் இரண்டு கையையும் ஊன்றியது. அங்கே மேடையில் எவனோ காதலைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். நாசமாய்ப் போகிறவன் ஒரு நிமிஷம் நிறுத்தித் தொலைக்கக் கூடாதா என்று தெல்மா பல்லைக் கடித்தாள். குழந்தை நான்கு காலில் வந்தது. நடுவில் ஒரு செருப்பு சிக்கிக் கழன்றது. அதை எடுக்கத் திரும்பப் பார்த்தது. வேண்டாம், பூனைக்கு எதற்குச் செருப்பு என்றாள் தெல்மா. அது சிரித்துக்கொண்டே கைக்கு எட்டியது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பின்னால் படுத்திருந்த பூமுகப் பெண்ணிடம் தள்ளிவிட்டாள்.

பிள்ளை கரை சேர்ந்ததைப் பார்த்து டென்னி பெருமூச்சு விட்டு நிமிர்ந்தான். அந்த அசைவு போதுமாக இருந்தது. ஏடு கிழிந்தது. கக்கம் வரைக்கும் போய்விட்டான்.

"மூச்ச அடக்கு! மூஞ்சியத் திருப்பு, அந்தக் காத்தக் குடிக்காத!"

கிழிந்த இடத்திலிருந்து வந்த வாயுவில் அவளுக்கே கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவன் கூடார மூட்டையைக் கட்டிப்பிடித்து மிதக்கப் பார்த்தான். மூட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு நீலக் கயிறு. அவளுக்குத் தெரிந்த கயிறு. காலையில் நுழைந்தபோதே குச்சியிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறான்.

"அந்தக் கயித்து முனைய எறி."

முதல் எறி எட்டவில்லை. இரண்டாவது அவள் விரலில் சிக்கியது. பின்னால் கொடுத்தாள். கரையில் இருந்தவர்கள் வரிசையாகப் பிடித்து இழுத்தார்கள். சாணி விடவில்லை. மறுபடி இழுத்தார்கள், கால் சறுக்கி விழுந்தார்கள், எழுந்து இழுத்தார்கள். கடைசியில் பூட்ஸ் இரண்டையும் உள்ளே விட்டுவிட்டு அவன் கேட்டின் மேல் வந்து விழுந்தான். தெல்மா அவன் சட்டைக் காலரைப் பிடித்தவள், கரையேறும் வரை விடவில்லை.

வில்ஃப் அப்போதுதான் வந்தான். கையில் நாய், வாயில் வசவு. எவன்டா கேட்டைக் கழற்றினான், என் மாடெல்லாம் எங்கேடா என்று ஊர் அதிரக் கத்திக்கொண்டே வந்தான். கூட்டம் விலகியது. தரையில் தலை முதல் கால் வரை கறுப்பாக ஒருவன் இருமிக்கொண்டு கிடந்தான். தெல்மா மடியில் ஒற்றைச் செருப்போடு ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. பச்சைப் புல்லின் நடுவே கறுப்பு வட்டம்.

அவள் அவனைத் திட்டவில்லை. "உன் வேலி எங்க இருக்கு, வில்ஃப்?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் நாயின் கயிற்றைக் கீழே போட்டான். கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் நடந்தான். மிச்சம் நின்ற வேலியின் முதல் கம்பத்தைப் பெயர்த்தான். இரண்டாவதைப் பெயர்த்தான்.

பண்ணைக்காரனே வேலியைப் பிடுங்குகிறான் என்ற சேதி ஒரு நொடியில் பரவியது. இன்னும் உள்ளே வராமல் நின்றவர்கள் நம்ப முடியாமல் பார்த்தார்கள். அப்புறம் ஒரு ஆரவாரம் கிளம்பியது பாருங்கள், மேடைப் பாட்டே அமுங்கிப்போனது. பியர்ஸ் ஓடிவந்து, உனக்குப் பைத்தியமா பிடித்திருக்கிறது என்று தலையில் அடித்துக்கொண்டான். வில்ஃப் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நூறு கைகள் சேர்ந்து பிடுங்கின. பிடுங்கிய கம்பத்தையெல்லாம் அவன் தோளில் சுமந்து குழிக்குக் கொண்டுபோனான். தானே நட்டு, தானே முள்கம்பியை இரட்டை வரிசையாக இழுத்துக் கட்டினான். கம்பம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வழி திறந்துவிட்டது, அது போதும் அவர்களுக்கு.

இருட்டுவதற்கு முன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார்கள். இறக்கிவிடுங்கள், இறக்கிவிடுங்கள் என்று அவன் கெஞ்சியது யார் காதிலும் விழவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது: எல்லோருக்கும் நிலத்தைத் திறந்துவிட்ட விவசாயியின் ஆனந்தக் கண்ணீர். மறுவருஷம் வந்த கும்பல் அந்தப் படத்தைப் பார்த்து வந்த கும்பல். அதற்கடுத்த வருஷங்களில் அந்த வயல்களில் தெருக்களும் கடைகளும் ஆஸ்பத்திரியுமாக ஒரு கூடார நகரமே எழுந்தது. நுழைவாயிலில் அதே படத்தைப் பெரிசாக்கி மாட்டியிருக்கிறார்கள்.

டென்னி அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புமுன், நீலக் கயிற்றைத் துவைத்துச் சுருட்டிப் புதுவேலியின் மேல் மாட்டிவிட்டுப் போனான்.

ஒரு கோடையில் வானொலியிலிருந்து ஒரு பெண் பேட்டி எடுக்க வந்தாள். தெல்மா வைத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, அன்றைக்கு வேலியை எடுக்க எது உங்களைத் தூண்டியது மிஸ்டர் ஸ்டிக்லண்ட் என்று கேட்டாள். வில்ஃப் மனைவியைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை.

"கம்பம் வேண்டியிருந்தது," என்றான் அவன். "வேற ஒண்ணுமில்லம்மா. ஒரு குழந்தை சாக இருந்துது. என்னால."

அந்தப் பெண் முதல் பாதிக்கே விழுந்து விழுந்து சிரித்ததில் மறுபாதி அவள் காதில் ஏறவில்லை. எவ்வளவு அடக்கம், எவ்வளவு குறும்பு என்றாள். ஒலிபரப்பில் அந்த முதல் பாதி மட்டும்தான் வந்தது. வில்ஃப் இன்னொரு தடவை சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

தெல்மா எழுந்து போய் அவன் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். பிறகு கோலை எடுத்துக்கொண்டு, கறவை நேரமாகிவிட்டது என்று வெளியே வந்தாள். தினமும் போகிறபடி குழியைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொரு கம்பத்தையும் கையால் தள்ளி, ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டைக் கறக்க உட்கார்ந்தாள்.