மசக்கை மண்

மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். மலேசியாவில் மெர்சிங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த, கம்பம் என்று சொல்லும் அந்தச் சிற்றூரில் இதை நம்பாத ஆள் கிடையாது. படித்தவர்களே நம்பும்போது, லோரி ஓட்டுகிற மதிவாணன் எம்மாத்திரம்?

மற்ற பெண்கள் மாங்காய் கேட்பார்கள், ஊறுகாய் கேட்பார்கள். அவன் பெண்டாட்டி தேன்மொழி கேட்டது மண். வெள்ளைக்காரன் காலத்து ஈயச் சுரங்கம் ஒன்றைப் புதுக் கம்பெனி மறுபடியும் தோண்டிக்கொண்டிருந்தது. அங்கேதான் அவனுக்கு லோரி வேலை. ஒரு நாள் மழையில் நனைந்து வந்த லோரியின் டயரில் சாம்பல் நிற மண் அப்பியிருந்தது. அதன் வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து தேன்மொழிக்கு வேறு நினைப்பே இல்லை.

"என்னாங்க, கொஞ்சூண்டு எடுத்துட்டு வாங்களேன். வாயெல்லாம் ஊறுது."

"அலமாக்! மண்ணையா தின்னப்போற?"

"எங்கம்மாவும் என்னைய வயித்துல வச்சிருந்தப்ப தின்னாங்களாம். நான் நல்லாத்தான இருக்கேன்?"

கல்யாணமாகிப் பல வருஷம் கோயில் கோயிலாக அலைந்து நின்ற கரு அது. அவள் நிலாவைக் கேட்டிருந்தாலும் ஏணி தேடிப் போயிருப்பான். மறுநாள் சாப்பாட்டு டப்பாவில் மண்கட்டிகளோடு வந்தான். தோசைக்கல்லில் போட்டு வறுத்தும் கொடுத்தான், மகராசன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். அந்த முகத்தைப் பார்த்து அவனுக்கு மனசு நிறைந்துபோனது.

தின்று முடித்ததும் அவன் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிச்சு, மண்ணுதின்னி மருமகள்னு ஊரெல்லாம் தமுக்கடிப்பாங்க."

வயிற்றுப் பிள்ளையின்மேல் யாராவது சத்தியம் செய்வார்களா? புத்தி கெட்ட மனிதன் செய்துவிட்டான்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அப்புறம்தான் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. கிணற்றுத் தண்ணீர் குடித்துவந்த சிலருக்கு உள்ளங்கையில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி விழுந்தது. சுகாதார இலாகாக்காரர்கள் வந்து ஒவ்வொரு கிணற்றிலும் தண்ணீர் மொண்டு போனார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரையும் கிளினிக்கிற்குக் கூப்பிட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். தண்ணீரில் பாஷாணம் கலந்திருக்கிறது என்று பேச்சு பரவியது. மதிவாணன் முதலில் பயப்படவில்லை. அவன் வீட்டில் பைப்புத் தண்ணீர்தான், கிணறே கிடையாது.

பரிசோதனை முடிவைச் சொல்ல கஸ்தூரி மிஸ்ஸி இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டாள். பேறுகாலம் பார்க்கிற நர்ஸ் அவள். கம்பத்துப் பெண்கள் வீட்டுச் சண்டையைக்கூட அவளிடம்தான் போய்ச் சொல்வார்கள்.

"தேனு, உங்க வீட்டு பைப்புத் தண்ணி சுத்தமா இருக்கு. ஆனா உன் ஒடம்புல பாஷாணம் கூடுதலா இருக்கு. கிணத்துத் தண்ணி குடிக்கிறவங்களுக்குக்கூட இவ்ளோ இல்ல. அப்படி என்னா சாப்பிடுற?"

தேன்மொழி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை வயிற்றின்மேல் இருந்தது.

"சாதாரண சாப்பாடுதான் மிஸ்ஸி. சோறு, கறி, அவ்ளோதான்" என்றான்.

"வயித்துப் பிள்ளைக்கும் போவும் அண்ணே. யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தான். அதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. சொன்னால் சத்தியம் பிள்ளையை அடிக்கும், சொல்லாவிட்டால் பாஷாணம் அடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன், தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்து ஒரு வழி கண்டுபிடித்தான். வாயைத் திறக்க வேண்டாம், மண் கொண்டுவருவதை நிறுத்திவிட்டால் போதும்.

"இனிமே மண்ணு கிடையாது தேனு. மிஸ்ஸி சொன்னத கேட்டல்ல?"

"தண்ணியிலதான விஷம்னாங்க? மண்ண யாரு சொன்னா?" என்று அழுதாள். அவன் மசியவில்லை. அவளும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு அடங்கிப்போனாள்.

ஆனால் பயம் அடங்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். பிள்ளை உதைத்தால் மூச்சு வரும். உதைக்கத் தாமதமானால், பிறக்கும்போது கை கால் சரியாக இருக்குமா, உயிரோடுதான் பிறக்குமா என்றெல்லாம் நினைப்பு ஓடும். சோறு இறங்காது. முனியாண்டி கோயிலில் போய், "தண்டிக்கிறதா இருந்தா என்னைய தண்டி சாமி" என்று அழுதான்.

அடுத்த மாதம் மறுபடியும் பரிசோதனை. கஸ்தூரி மிஸ்ஸியின் முகம் சரியாக இல்லை.

"குறையல தேனு. முன்னைவிட ஏறியிருக்கு. பிள்ளையும் வளர வேண்டிய அளவுக்கு வளரல."

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! பிள்ளையே போன பிறகு சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"மண்ணு தின்னா மிஸ்ஸி. சுரங்கத்து மண்ணு. நான்தான் கொண்டாந்து குடுத்தேன். என் கையாலதான் வறுத்துக் குடுத்தேன்."

"அடப்பாவி மனுஷா! போன மாசம் அப்படிக் கேட்டேனே!" மிஸ்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எப்ப நிறுத்தினீங்க?"

"அன்னைக்கே நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் ஒரு பொட்டு மண்ணு கொண்டாரல."

"அப்புறம் எப்படி ஏறும்?"

தேன்மொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்க நிறுத்திட்டீங்க. என்னால முடியல. நம்ம வீட்டு வாசல்லயே தோண்டி எடுத்தேன். அதே வாசம், அதே ருசி."

மதிவாணன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். பிறகு புரிந்தது. ஐயோ, புரிந்துவிட்டதே!

போன வருஷம் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து பாயும் பண்டமும் நாசமானபோது, சுரங்க முதலாளி தவுக்கேயிடம் கெஞ்சிச் சுரங்கத்துக் கழிவு மண் வாங்கி வாசலை மேடாக்கியது அவன்தான். சும்மா கிடைக்கிற மண் என்றதும் பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான். எதிர்வீட்டு அக்கா கேட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் லோரி லோரியாகக் கொட்டினான். அவனைக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் அதில் கீரை போட்டார்கள், கோழி வளர்த்தார்கள். இந்த வருஷ வெள்ளத்தில் யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை என்று அவனுக்கு மாலை போடாத குறைதான். வாசலில் கொட்டியதும் சுரங்கத்து மண்தான் என்று மிஸ்ஸியிடம் சொன்னான்.

"அந்த மண்ண வேற எங்க கொட்டினீங்க?" மிஸ்ஸி பேனாவை எடுத்தாள். "ஒன்னுவிடாம சொல்லுங்க."

மதிவாணன் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தான். எல்லா வீட்டையும் முந்திக்கொண்டு வந்து நின்றது, பிள்ளைகள் தவழ்ந்தும் உருண்டும் விளையாடட்டும் என்று தானே மட்டம் பண்ணிக்கொடுத்த இடம்தான்.

"பாலர்பள்ளியில" என்றான். "ஊஞ்சல் இருக்குல்ல, அந்தத் திடல் முழுக்க."

கஸ்தூரி மிஸ்ஸி எழுதவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எம்மவ இப்ப அங்கதான் இருக்கா" என்று சொல்லிக்கொண்டே வாசலை நோக்கி ஓடினாள்.