மூடாத கை

நாலு டயரிலும் பாதிக் காற்றை அந்த அம்மாள் புஸ்ஸென்று இறக்கிவிட்டபோதே மெத்தைக் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வண்டி வாங்கிய நாளிலிருந்து டயர் காற்றைத் தன் ரத்த அழுத்தத்தைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டவர் அவர். கரடுமுரடான இடங்களில் வண்டி ஓட்டச் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு, முதல் காரியமாக வண்டியை நோஞ்சானாக்கிவிட்டாரே என்று வாயெடுத்தார். கல்லிலும் மண்ணிலும் ஏறும்போது டயர் தளர்வாக இருந்தால்தான் பிடித்துக்கொள்ளும் என்றார் பயிற்சியாளர். தொப்பியும் மண் படிந்த பூட்ஸுமாக, அளந்து பேசுகிற நடுத்தர வயதுப் பெண். மெத்தையிலிருந்து பஞ்சைப் பிடுங்கினால் நல்ல தூக்கம் வரும் என்று யாரோ தன்னிடமே வந்து சொல்வது போல இருந்தது அவருக்கு.

கடைத்தெருவிலேயே பெரிய மெத்தைக் கடை அவருடையது. வருகிறவர்களைப் படுத்துப் பாருங்கள், புரண்டு பாருங்கள் என்று உபசரித்து, முதுகுவலியைப் பற்றி டாக்டர்களைவிட அதிகமாகப் பேசி விற்றுவிடுவார். கலகலப்பான மனுஷர் என்று பெயர். அந்தப் பெயரை ஊரார் நம்பியதைவிட அவர் அதிகமாக நம்பினார். மூன்று வரிசை இருக்கை வைத்த பெரிய வண்டியைக் குடும்பத்துக்கென்று வாங்கியிருந்தார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க அதில் ஒரு திருகு உண்டு. இதுவரை அதைத் துடைத்திருக்கிறாரே தவிரத் திருகியதில்லை.

கடைத்தெருக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து அடுத்த வாரம் மலைக்கு அந்தப் பக்கம், வறண்ட ஆற்றுப் படுகை வழியாகப் போவதாக ஏற்பாடு. பயிற்சியில் தேறியவர்தான் வண்டி ஓட்டலாம் என்பது நிபந்தனை. தேறாதவர் அடுத்தவர் வண்டியில் பின் வரிசையில் குடும்பத்தோடு ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். தன் வண்டிதான் எல்லோருக்கும் முன்னால் போகும் என்று இவர் கடைக்குக் கடை அளந்துவிட்டிருந்தார். இன்றைக்குத் தேறாமல் போனால் கடைத்தெருவில் தலை காட்ட முடியாது.

கூட வந்தவர்கள் மனைவியும் மகளும். மனைவி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவர். வலியில் துடித்துக்கொண்டு வருகிற முரடர்களைக்கூட ஒரே பார்வையில் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். மகள் கல்லூரியில் முதல் வருடம். காலையில் வரும்போது பயிற்சித் திடலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இவர் நேரே போய்விட்டார். எங்கேயோ ஒரு சிமெண்ட் ஆலையின் வாசலில் போய் நின்று, அங்கிருந்த காவலாளி சொல்லித்தான் விஷயமே தெரிந்தது. அவ்வளவு பெரிய பலகை உங்க ரெண்டு பேர் கண்ணுலயும் படலையா என்று வண்டி அதிரக் கத்தினார். கவனிக்கவில்லை என்றார் மனைவி. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். திடல் வருவதற்குள் கோபம் வடிந்து, அவரே ஒரு ஜோக் அடித்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். அதோடு அவர் அதை மறந்தும் போனார்.

திடல் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி. முதல் இறக்கத்தின் விளிம்பில் வண்டி மூக்கை நீட்டியதும் அவருக்கு ஈரக்குலை நடுங்கியது. கண்ணுக்கு முன்னால் தரையே இல்லை. பிரேக்கில் காலை வைக்கக் கூடாது, சின்ன கியரில் போட்டு வண்டியை அதன் போக்கில் இறங்க விட வேண்டும் என்று பக்கத்து இருக்கையிலிருந்து பயிற்சியாளர் சொன்னார். பள்ளத்தில் இறங்கும்போது பிரேக் கூடாதா? அவர் நம்பாமல் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் கேலி எதுவும் இல்லை. வண்டி முனகிக்கொண்டே மெள்ள இறங்கிக் கீழே போய் நின்றது. அவருடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து ஒரு மேடு. ஏறி முடிக்கும்வரை வானத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. அதற்கடுத்து மாறி மாறி வெட்டிய குழிகள். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்று சுழன்றபோது வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, அவர் வாயிலிருந்து அவருக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. எல்லாம் தாண்டியபின் பின் இருக்கையைப் பார்த்து, எப்படி நம்ம ஓட்டு என்று கேட்டார். சூப்பர்ப்பா என்றாள் மகள். கேட்ட கேள்விக்கு வர வேண்டிய பதில் வந்துவிட்டதால் அவள் முகம் வெளிறிக் கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

கடைசிப் பாடம் கை காட்டுவது. மோசமான இடத்தில் ஓட்டுகிறவருக்குத் தன் சக்கரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆகவே ஒருவர் இறங்கி முன்னால் நின்று கையால் வழி சொல்ல வேண்டும். விரல்களை அசைத்தால் வா. பக்கமாக நீட்டினால் அந்தப் பக்கம் ஒடி. கையை மூடி உயர்த்தினால் நில். ஓட்டுகிறவர் தரையைப் பார்க்கக் கூடாது, தன் புத்தியையும் கேட்கக் கூடாது. அந்தக் கை மட்டும்தான் கண்.

“கை மூடினா நிக்கணும். ஏன் எதுக்குன்னு அப்புறம் இறங்கிக் கேட்டுக்கலாம்,” என்றார் பயிற்சியாளர்.

மலையில் இவரோடு இருக்கப் போவது இவர் குடும்பம்தான் என்பதால் கை காட்டவும் குடும்பத்திலிருந்தே ஒருவர் வேண்டுமாம். மகளை நிறுத்திப் பயிற்சியாளர் பழக்கினார். திடலில் அவள் கை அழகாகவே பேசியது. மனைவி அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பரீட்சைக்கு வைத்த இடம் குவாரியின் ஓரமாகப் போகும் ஒரு குறுகல் வழி. ஒரு பக்கம் பாறைச் சுவர். மறுபக்கம், அதாவது இவர் உட்கார்ந்திருக்கிற பக்கம், மழைத் தண்ணீர் அறுத்த ஆழமான வாய்க்கால். முந்தின நாள் பெய்த மழையில் விளிம்பு ஊறிக் கிடந்தது. பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு இவர் வண்டியை ஊர விட்டார். முன்னால் மகளின் விரல்கள் வா, வா என்றன. இவரும் போனார். பாதி தூரம் வந்ததும் ஒரு தெம்பு வந்துவிட்டது. ஆற்றுப் படுகையில் முதல் வண்டியாகப் போகிற காட்சியே கண்ணில் தெரிந்தது.

அப்போது மகளின் பார்வை ஒரு கணம் சக்கரத்துக்குக் கீழே போனது. விரல்கள் நின்றன. இவர் முகத்தைப் பார்த்தாள். விரல்கள் மறுபடியும் வா என்றன. இவர் காலைக் கொஞ்சம் அழுத்தினார்.

உலகம் சாய்ந்தது. தண்ணீர் பாட்டில், டிஷ்யூ பெட்டி, பயிற்சியாளரின் தொப்பி எல்லாம் அவர் மேல் வந்து விழுந்தன. வலது சக்கரங்கள் வாய்க்காலுக்குள் போய், வண்டி எதிர்க்கரையில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றது. அவருடைய ஜன்னல் முழுக்க மண். எங்கோ ஒரு பெண் குரல் அலறுவது கேட்டது. அது மனைவியின் குரல் என்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. பயிற்சியாளர் பெல்ட்டில் தொங்கியபடியே கையை நீட்டி என்ஜினை அணைத்தார். அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல இவர் நினைத்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

பயிற்சியாளரும் மனைவியும் மேல்பக்கக் கதவு வழியாக அவரை இழுத்து எடுத்தார்கள். தரையில் கால் பட்டதும் நாக்கு திரும்பி வந்துவிட்டது. எடுத்த எடுப்பில் மகள்மீதுதான் பாய்ந்தார். கண்ணை எங்கே வைத்திருந்தாய், போனிலா, கொஞ்சம் தவறியிருந்தால் வண்டி கவிழ்ந்து உயிரே போயிருக்கும், ஒரு சின்ன வேலை கொடுத்தால் உருப்படியாகச் செய்யத் தெரியாதா என்று குவாரி எதிரொலிக்கக் கத்தினார். மகள் அசையவில்லை. அவள் கை மட்டும் இன்னும் நெஞ்சுக்கு நேராக, விரல்கள் விரிந்தபடி நின்றது. அதை இறக்க வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

பயிற்சியாளர் இவரைக் கையமர்த்திவிட்டு அவளிடம் போனார்.

“விளிம்பு சரியறதைப் பார்த்தியாம்மா?”

“பார்த்தேன்.”

“எப்போ?”

“மண்ணு உதிர ஆரம்பிச்சப்பவே.”

“அப்புறம் ஏன் கையை மூடல?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, மழை வந்தால் நனையும் என்பது போல மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

“நிறுத்துங்கன்னா அப்பாவுக்குக் கோவம் வரும்.”

அவருக்கு முதலில் அது விளங்கவே இல்லை. வார்த்தை ஒவ்வொன்றும் விளங்கியது, சேர்த்துப் பார்த்தால் விளங்கவில்லை. விளங்கியபோது பேயறைந்தது போல நின்றார். தலைகீழாகப் போகவிருந்த வண்டிகூட அவரை இப்படி உலுக்கவில்லை. பள்ளமா, அப்பாவின் கோபமா என்று அந்தப் பெண் ஒரு கணத்தில் எடை போட்டிருக்கிறாள். பள்ளம்தான் அவளுக்கு இலேசாகத் தெரிந்திருக்கிறது.

இதென்ன பைத்தியக்காரத்தனம், நான் என்றைக்காவது உன்மேல் கை வைத்திருக்கிறேனா என்று கேட்டார். ஆதரவுக்கு மனைவியைப் பார்த்தார். அவராவது இல்லை என்று சொல்வார், இந்த அம்மாள் முன்னால் நம்மைக் காப்பாற்றுவார் என்று நம்பினார்.

மனைவி மகளின் விரிந்த கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

“நானும்தான் பார்த்தேன், மண்ணு விழறதை,” என்றார். “நானும் வாயைத் திறக்கல. காலையில அந்தப் பலகையையும் ரெண்டு பேரும் பார்த்தோம்.”

“பார்த்துட்டா சும்மா இருந்தீங்க?”

“சொன்னா, ‘எனக்கு வழி தெரியாதா’ம்பீங்க. அப்புறம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போவீங்க. ரெண்டு நாள் வீட்டுல யாரோடவும் பேச மாட்டீங்க. சிமெண்ட் ஆலை வரைக்கும் போயிட்டு வர்றது எங்களுக்குச் சுலபம்.”

அதில் கோபம் இல்லை, அழுகை இல்லை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அடுத்த நோயாளியின் முறையைச் சொல்கிற குரல் அது. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. இது இன்று நேற்று முடிவு செய்தது இல்லை. கடையில் தான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பையன்கள் நினைவுக்கு வந்தார்கள். தன் ஜோக்குகளுக்கு வீட்டில் விழும் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அதில் எது நிஜச் சிரிப்பு என்று தேடிப் பார்த்தார். ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பயிற்சியாளர் தன் வண்டியிலிருந்து இரும்புக் கயிற்றைக் கட்டி இழுத்து இவர் வண்டியை வெளியே எடுத்தார். ஒரு பக்கம் முழுக்கச் சிராய்ப்பு, கதவில் ஒரு பள்ளம். வேறு நாளாக இருந்தால் அதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார். இன்றைக்குக் கண்ணால் பார்த்தார், மனசுக்குப் போகவில்லை.

நான் தேறவில்லை, அப்படித்தானே என்று அவரே கேட்டார். ஓட்டுவதில் பெரிய குறை இல்லை என்றார் பயிற்சியாளர்.

“ஆனா உங்களை நிறுத்த ஆள் இல்லாம இவங்களை உங்களோட மலைக்கு அனுப்ப மாட்டேன். இந்தப் பொண்ணு ஒரு தடவை உங்களை நிறுத்தி நான் பார்க்கணும்.”

மேட்டு நிலம் வேண்டாம், சமதரையே போதும் என்றார். குவாரியின் நடுவில், மேசை மாதிரி பரந்து கிடந்த இடத்தில், மகள் போய் நின்றாள். ஒரு கல் இல்லை, குழி இல்லை. இவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தப் போனார். ஓங்கிச் சாத்திவிடுவோமோ என்று பயந்து, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுத்து மூடினார். வீட்டில் தான் கதவு சாத்துகிற சத்தத்தை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார்.

விரல்கள் அசைந்தன. வா. போனார். வா. போனார். கொஞ்சம் அந்தப் பக்கம். ஒடித்தார். வெயில் கண்ணாடியில் அடித்தது. எல்லாம் வழக்கம் போல ஆகிவிடும் என்று ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தது.

கை மூடியது.

பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது. எட்டிப் பார்த்தார். முன்னால் வெறும் தரை. இடது பக்கம் தரை, வலது பக்கம் தரை. நிறுத்த ஒரு காரணமும் இல்லை. ‘எதுக்கு இப்போ நிறுத்துன?’ என்று அவர் கேட்காமலே கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அது வந்த வேகம் அவரையே திகைக்க வைத்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

கதவுச் சத்தத்துக்கே அவள் ஒரு அடி பின்னால் போனாள். ஆனால் மூடிய கையை இறக்கவில்லை.

அவர் இருந்த இடத்திலேயே நின்றார். குரலை எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

“அங்க என்னம்மா இருக்கு?”

“ஒண்ணும் இல்லப்பா,” என்றாள். “நிப்பீங்களான்னு பார்த்தேன்.”