பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

போன் மறுபடியும் துடித்தது. மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகளின் மேல் கிடந்த அது, ஊர் ஜெபக்குழுவிலிருந்து ஒவ்வொரு 'ஆமென்' வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. தங்கச்சி அதை எடுத்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

தங்கச்சி என்பது அவள் பேரல்ல. ஊழியத்துக்கென்று கடல் தாண்டி வந்த குழுவில் ஆக இளையவள் என்பதால் அப்படிக் கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. கிளம்பும் முன் சபை நடுவே முழங்காலில் நிற்கவைத்து, தலையில் கை வைத்து, கண்ணீரும் கம்பலையுமாக அனுப்பிவைத்தார்கள். அவளும் ஜனங்கள் திரள்திரளாக வரப்போவதாக நினைத்துத்தான் விமானம் ஏறினாள். வந்து பார்த்தால் மிஷன் விடுதியின் சலவை அறை. வேலை தேடி வந்த பெண்கள் தங்குகிற விடுதி. அவர்களுடைய விரிப்பு, தலையணை உறை, துண்டு. துவை, காயப்போடு, மடி. சில வாரங்கள் ஓடியும் அவள் ரட்சித்தது காணாமல் போன காலுறைகளை மட்டும்தான்.

வீட்டிலிருந்தோ ஓயாத நச்சரிப்பு. "ஏதாவது சாட்சி அனுப்பும்மா. வெளிநாடு போன பிள்ளை என்ன பண்ணுதுன்னு சபையில கேக்குறாங்க. அப்பாவால பதில் சொல்ல முடியல."

அனுப்ப என்ன இருந்தது? இஸ்திரி அக்கா வாய் திறக்கும்வரை ஒன்றுமில்லை.

இஸ்திரி அக்கா அந்த அறையின் மகாராணி. இடது கையால்தான் தேய்ப்பாள். வலது முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்த தழும்பு. "வேலையில பட்டதாக்கா?" என்று வெகுளியாகக் கேட்டாள் தங்கச்சி.

"இல்ல. தாலி கட்டினவர் வச்சது" என்றாள் அக்கா, ஓர் உறையைத் திருப்பிப் போட்டபடி.

அப்புறம் எல்லாம் வந்தது. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த மாமியார், யாரிடமும் மூச்சு விடாமல் கிளம்பியது, இங்கே இருப்பது பெற்ற தாய்க்கே தெரியாது என்பது வரை. கேட்ட தங்கச்சிதான் அழுதாள். சொன்னவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலமே ஊர் ஜெபக்குழுவுக்குக் குரல் பதிவு பறந்தது. பேர் சொல்லவில்லை. 'ஒரு சகோதரி' என்றுதான் தொடங்கினாள். ஆனால் மனசு உருகினால்தானே ஜனங்கள் பாரத்தோடு ஜெபிப்பார்கள்? தழும்பைச் சொன்னாள். இடது கையைச் சொன்னாள். எந்த நகரம், எந்த விடுதி என்று சொல்லவே வேண்டாம். தங்கச்சி இருக்கும் இடத்தைச் சொல்லித்தான் தினமும் அவளுக்காக ஜெபிக்கிறார்களே!

மறுநாள் காலை, ஆமென்களுக்கு நடுவே அம்மாவின் அழைப்பு வந்தது.

"நம்ம பெண்கள் கூட்டமே அழுதுடுச்சும்மா! பக்கத்து சபைக்கும் அனுப்பிட்டோம். அங்க ஒரு சிஸ்டர், 'இது எங்க தெருவுல ஓடிப்போன மருமக மாதிரி இருக்கே'ன்னு மாமியார் வீட்டுக்கே ஓடியிருக்காங்க. புருஷன்காரன் துடிச்சுப்போயிட்டானாம். உடனே கிளம்பி வர்றானாம். பிரிஞ்ச குடும்பம் ஒண்ணு சேரப்போகுது. கர்த்தர் உன்னை எதுக்கு அனுப்பினார்னு இப்போ தெரியுதா?"

"அம்மா... அவர் சூடு வச்சவரும்மா!"

"மனுஷன் திருந்த மாட்டானா? அதுக்குத்தானே ஜெபிக்கிறோம்."

அழைப்பைத் துண்டித்துவிட்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, குழுத் தலைவரிடம் ஓடினாள். அவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். கழுத்தில் விசில் மாட்டாத குறை.

"முதல்ல ஆடியோவை அழிச்சிடு" என்றார் கேப்டன். "அவங்ககிட்ட இப்போ எதுவும் சொல்லிப் பயமுறுத்தாத. விடுதி நிர்வாகத்துல நான் பேசிக்கறேன். நீ போய் ஜெபம் பண்ணு தங்கச்சி."

"ஜெபம்னு சொல்லித்தான் அண்ணே இவ்வளவும் ஆச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. கேப்டன் மறுபேச்சுப் பேசுவதற்குள் கீழே இறங்கிவிட்டாள்.

சலவை அறையில் ஆவி மண்டிக் கிடந்தது. தங்கச்சி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பேர் சொன்னியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

அக்கா வலது கையைத் திருப்பிக் காட்டினாள். "இதைச் சொன்னியா?"

தங்கச்சி தலையாட்டினாள்.

"அப்புறம் பேர் எதுக்கு?" அக்கா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். "நீ காது குடுத்தேன்னு நெனச்சேன். மைக் வச்சிருந்திருக்க."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அக்கா அறைக்குப் போய் ஒரே ஒரு பையோடு திரும்பினாள். எப்போதோ கட்டித் தயாராக வைத்திருந்த பை என்பது தங்கச்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

"நானும் வர்றேன்கா. எங்கயாவது சேர்த்துவிட்டுட்டு..."

"நீ வந்தா உன் பின்னாடி ஒரு சபையே வரும்டி."

ஆனாலும் பஸ் நிலையம் வரை பையைத் தூக்கிவர விட்டாள். மத்தியான வெயில். நாலு பக்கமும் பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. தகவல் பலகையில் தங்கச்சிக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். அக்கா பையை வாங்கிக்கொண்டாள்.

"அந்தச் சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லு."

"ஏன்க்கா?"

"அவன் வந்து உன்னைத்தான் முதல்ல கேப்பான். உனக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். எந்த பஸ்ஸுன்னே தெரியலன்னா, தெரியாதுன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லலாம்."

"என் மேல கோபமாக்கா?"

"அதுக்கு இப்போ நேரமில்ல." தோளைப் பிடித்துத் திருப்பினாள், அழுத்தமாக, ஆனால் வலிக்காமல். "நான் போனப்புறமும் கொஞ்ச நேரம் நில்லு."

மூக்குக்கு நேரே காரை பெயர்ந்த சுவர். கண்ணை மூடினால் பழக்கதோஷத்தில் உதடு அசையத் தொடங்கிவிடும் என்று, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். பின்னால் ஒரு கதவு புஸ்ஸென்று மூடியது. ஒரு பஸ் கிளம்பியது. இன்னொன்று வந்து நின்றது, அதுவும் கிளம்பியது. யாரோ ஒரு பெண் அருகில் வந்து, புரியாத பாஷையில் ஏதோ விசாரித்தாள். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டிருக்கலாம். தங்கச்சி தலையை மட்டும் ஆட்டினாள். முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை.