பெட்டியா, ஹாரனா?

ஹாரன் எவ்வளவு நேரம் அலறியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான். என் நினைவில் அது ஒரு மதியம் முழுக்க நீள்கிறது. அத்தானோ, "சும்மா ஒரு பீப், அவ்வளவுதான்" என்கிறார். அக்கா தனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டுமே கேட்டதாகச் சொல்கிறாள். கையில் இருந்த புத்தகத்தை நான் அப்போது மூடியிருந்தேனா என்பதே எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அதனால் சொல்வதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். விடுமுறை நாட்களில் டிராக் ரேஸ் ஓட்டுவாள். நேரான தடம், பக்கம் பக்கமாக இரண்டு கார், நடுவில் ஒரு விளக்குக் கம்பம். மஞ்சள் விளக்குகள் மேலிருந்து இறங்கி வந்து பச்சை எரிந்ததும் பாய வேண்டும். அதற்கு முன் சக்கரம் நகர்ந்தால் சிவப்பு எரியும்; ஆட்டம் காலி.

அத்தான் வாஷிங் மெஷின் மெக்கானிக். காரைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முதலில் அந்தக் காரில் என்ஜினும் இருக்கையும் ஸ்டீயரிங்கும்தான் இருந்தன. அப்புறம் பெட்டி வந்தது. முதல் மஞ்சள் எரியும்வரை ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருந்து, எரிந்ததும் விரலை எடுத்தால் போதும். மீதி நேரத்தைப் பெட்டியே எண்ணி, பச்சை வரும்போது காரை விடுவித்துவிடும். ஒருவர் வாங்கினார் என்று எல்லோரும் வாங்கினார்கள். பிறகு பெட்டிக்கு வரும் மின்சாரம் சரியா என்று பார்க்க ஒரு பெட்டி, ஓடியதைப் பதிவுசெய்ய ஒரு பெட்டி. தடத்தில் எட்டு வைத்திருந்த ஒருவரை எல்லோரும் எட்டுப்பெட்டி என்றே கூப்பிடுவார்கள். அத்தான் அவருடைய காரைக் கோயிலைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

இதற்கிடையில் நாங்கள் மூவரும் இருக்கும் வீட்டில் படுக்கையறைக் கூரை ஒழுக ஆரம்பித்தது. கட்டிலின் மேல் வாளி வைத்தார்கள். பிறகு அக்காவும் அத்தானும் கூடத்தில், என் புத்தக அலமாரிக்குக் கீழே படுத்தார்கள். அத்தானின் குறட்டையில் எந்த எழுத்தாளரும் தாக்குப்பிடிக்க மாட்டார்.

பருவத்தின் கடைசிப் போட்டியன்று காலை, அத்தான் காற்றின் ஈரத்தை அளக்கும் பெட்டி ஒன்றைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"ஈரம் தெரியணும்னா நம்ம கட்டிலைத் தொட்டுப் பாருங்க" என்றாள் அக்கா.

"இன்னிக்குப் பெட்டி ஜெயிச்சுக் கொடுத்தா அதை வாங்கலாம். இல்லேன்னா கூரை. சரியா?"

தோற்பதற்காக ஓட்ட அக்காவுக்குத் தெரியாது. "சரி" என்றாள்.

அன்று அவள் வரிசையாக ஜெயித்தாள். ஒவ்வொரு முறையும் அத்தான் துள்ளினார்; அவள் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறுதிச் சுற்றில் எதிரே எட்டுப்பெட்டி. அந்த நேரம் பார்த்துப் பெட்டியின் பொத்தான் உடைந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் எகிறி என் தேநீரில் விழுந்தது.

"பயப்படாதே" என்று அத்தான் ஸ்டீயரிங்குக்குள் தலையை விட்டார். "நடுவுல ஒரு பொத்தான் சும்மாதானே இருக்கு. அதுல வயரை மாட்டிடறேன்."

"அது எதுக்கு இருந்துதுங்க?"

"எதுக்கோ இருந்துது. இப்போ எதுக்கு அந்த ஆராய்ச்சி?"

அது எதற்கென்று எனக்கும் தோன்றவில்லை. சாலைக்கே போகாத கார் அது. இழுவை வண்டியில் வந்து, இழுவை வண்டியில் திரும்பும்; நான் அதில் உட்கார்ந்து படிப்பேன். அதற்கு ஹாரன் என்று ஒன்று இருப்பதை நாங்கள் மூவருமே மறந்துபோயிருந்தோம்.

இரண்டு கார்களும் கோட்டில் நின்றன. அக்கா பொத்தானை அழுத்தினாள்.

அது அலறியது. எட்டுப்பெட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது; தன் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். மஞ்சள்கூட எரியவில்லை. அவருடைய பெட்டி மிகச் சரியாக எண்ணி, மிகச் சரியான நேரத்தில் அவரைத் தவறாக அனுப்பிவைத்தது. அவர் பக்கம் சிவப்பு எரிந்தது. பெட்டிதான் வெடிக்கப்போகிறது என்று நினைத்த அக்கா, அதன் சுவிட்சை அணைத்தாள். பச்சை வந்ததைத் தன் கண்ணால் பார்த்து, தன் காலால் மிதித்து, சிரித்துக்கொண்டே தடத்தின் மறுமுனைக்குப் போனாள்.

திரும்பி வந்ததும் நேராக எட்டுப்பெட்டியிடம் போனாள். "அண்ணே, சத்தியமா தெரியாம நடந்துது. வேணும்னா இன்னொரு தடவை ஓட்டலாம்."

"வேண்டாம்மா. லாரிதான் வந்துடுச்சோன்னு நினைச்சேன்."

நடுவர் அம்மா விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு எங்கேயும் இல்லை. அடிப்பீங்கன்னு யாரு நினைச்சா?" என்று கோப்பையை அக்காவிடம் நீட்டினார்.

வீடு திரும்பும் வழியில் புத்தகத்தைத் திறந்தேன். கடைசித் திருப்பத்தில் அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"ஜெயிச்சோம்ல?"

"ஜெயிச்சோம்."

"அப்போ, அந்த ஈரப் பெட்டி..."

"பெட்டி ஜெயிச்சுக் கொடுத்தாதானே? நான்தான் அதை அணைச்சுட்டேனே. இன்னிக்கு எது ஜெயிச்சுது, நீங்களே சொல்லுங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஹாரன்" என்றார் மெல்ல.

"அப்போ ஆசையா இருந்தா இன்னொரு ஹாரன் வாங்கிக்கோங்க."

முதலில் சிரித்தது அத்தான்தான். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

கூரை சரியாகிவிட்டது. அவர்கள் தங்கள் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். குறட்டை இப்போது சுவரைத் தாண்டித்தான் வருகிறது. அக்கா பெட்டி இல்லாதவர்களின் பிரிவில் ஓட்டுகிறாள். சில நாள் ஜெயிக்கிறாள், சில நாள் சிவப்பு எரிகிறது. அத்தான் பெட்டிகளை விற்றுவிட்டார். மற்றவர்களின் பெட்டிகளைப் பழுது பார்த்துக் கொடுப்பதில் சந்தோஷமாக இருக்கிறார். விதிப் புத்தகத்தில் ஹாரனைக் கழற்றச் சொல்லி ஒரு வரி சேர்ந்திருக்கிறது. எட்டுப்பெட்டி, வெளிச் சத்தம் கேட்காமலிருக்கக் காதில் ஒரு கருவி வாங்கினார். அவரை இப்போது ஒன்பது பெட்டி என்கிறார்கள். நான் இன்னும் இழுவை வண்டியில் உட்கார்ந்து படிக்கிறேன்.